பள்ளிக்கரணை நிலத்தை என்ன செய்வது?

சொந்த வீடு! சாதாரணக் குடும்பங்களின் பெரிய ஆசை அதுதான். நகையை விற்கிறார்கள். கடன் வாங்குகிறார்கள். எப்படியோ ஒரு மனை வாங்கிவிடுகிறார்கள். அந்த மனையில் வீடு கட்டக்கூடாது என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. ஆய்வு முடியும் வரை, சதுப்பு நிலத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் தூரத்துக்குப் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்றது. பெரிய அடுக்குமாடி கட்டுகிறவர்களோடு சின்ன மனைக்காரர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

சும்மா கிடக்கும் நிலமா?

கோரையும் நாணலும் முளைத்த இந்தப் பள்ளத்துக்குக் "கழுவெளி" என்று பெயர். சர்க்கார் ஏடுகளில் வெகுகாலம் "தரிசு" என்றே எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல் செய்த கெடுதல் கொஞ்சமல்ல.

உண்மையில் அது வேலை செய்யும் நிலம். மழைக்காலத்தில் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் கலங்கல் வழிந்து வரும் தண்ணீர் இங்கே சேர்கிறது. சில நாள் தங்குகிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு அருகே கடலில் கலக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரில் அரை மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் அது சுமார் 20 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 200 லாரி வேண்டும்! ஒரு ஏக்கரை மூடினால் அந்த 200 லாரித் தண்ணீரும் வேறு எங்காவது போயாக வேண்டும்.

மூடியது ஒரு ஏக்கரா? 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த கழுவெளி இது. 2022-ல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,250 ஹெக்டேர்தான்.

"மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மேடாக்கியவர் வீட்டுக்குள் தண்ணீர் வராது, சரி. அது அடுத்த தெருவுக்குப் போகும். அந்தத் தெருக்காரர்களும் மண் கொட்டுவார்கள். கடைசியில், பழைய தாழ்ந்த வீட்டில் இருக்கும் ஏழையின் தலையில்தான் அது விடியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த வட்டாரத்தில் தெருக்களில் படகு விட்டு மக்களை மீட்டார்கள்.

குப்பை கொட்டியும் பார்த்தாயிற்று. 1980-களிலிருந்து பெருங்குடிப் பக்கம் நகரத்துக் குப்பை மலையாய்க் குவிந்தது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்க ஆன செலவைப் பார்த்தால், கொட்டாமலே இருந்திருக்கலாம்!

சாலையும் அலுவலகங்களும் வந்தன. அவற்றால் பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை சதுப்பு நிலத்தின் குறுக்கே போகிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் போக, பாலக் கண்களை விட்டால் வழி இல்லை.

ஆகவே, மிச்சமுள்ள கழுவெளியைக் கழுவெளியாகவே விட்டுவிடுவதுதான் சரி. நாரைகளுக்காக மட்டும் அல்ல, வேளச்சேரிக் குடும்பங்களுக்காகவும்தான். ஓரத்து நிலங்களை, நாலு நாள் நனைந்தாலும் கெடாத காரியங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு மைதானம், மீன் குளம், மேய்ச்சல் தரை போன்றவை அப்படிப்பட்டவை.

வாங்கியவர்கள் கதி?

இது நியாயமான கேள்வி. முறையாகப் பத்திரம் பதிந்து, பட்டா வாங்கி, வரி கட்டியவர்கள் திருடர்கள் அல்ல. அவர்களுக்கு மனைப் பிரிவைக் காட்டி விற்றபோது தடுக்காத அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு.

முதலில் எல்லை தெரிய வேண்டும். சர்வே எண்படி அளந்து கல் நட வேண்டும். உள்ளே அகப்பட்ட மனைக்கு மாற்று மனையோ நியாயமான பணமோ தர வேண்டும். வெளியே மேட்டில் இருப்பவர்களுக்குத் தாமதிக்காமல் அனுமதி தர வேண்டும். ஆய்வு நீண்டுகொண்டே போனால், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்டுவது அந்தக் குடும்பம்தானே?

இனிமேல் வாங்குகிறவர்கள் விஷயம் ஒன்று இருக்கிறது. மனை வாங்கும் முன் எல்லோரும் வில்லங்கச் சான்று பார்க்கிறார்கள். அதில் அடமானம் தெரியும், வெள்ளம் தெரியாது. எந்த மனையில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதைச் சர்வே எண்ணோடு தமிழில் அச்சடித்து, சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்யலாம். அதுவரை, மனை பார்க்கப் போகிறவர்கள் தரகரை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரிலேயே கைவைத்துக் காட்டுவார்.