மடக்குக் கத்தி ஒட்டுக் கட்டுமா?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது, பிரான்ஸ் நாட்டு மடக்குக் கத்தி ஒன்று வாங்கி வந்தான். ‘ஒப்பினெல், 8-ம் நம்பர்’. சவரக் கத்தி போல வெட்டுகிறது. தை மாதம் 12 நாட்டுப் பேரிக் கன்றுகளில் ஒட்டுக் கட்ட இருக்கிறேன். அதற்கு இது போதுமா? விதைக் கிழங்கு வெட்டவும் பயன்படுத்தலாமா? பழைய கத்திகளை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.
- வாசகர், இத்தலார்

பதில்: பழைய இரும்புக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எமரால்டு பக்கம் வேலை இருந்ததால், இந்தக் கேள்விக்கு நேரிலேயே போய்க் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கையில் வாங்கியதும் விட மனம் வரவில்லை. ஒரு விதைக் கிழங்கின் எடைதான் இருக்கும். கைப்பிடி பீச் மரம், உள்ளங்கையில் உருண்டையாக உட்காருகிறது. அலகு 8.5 செ.மீ., மிக மெல்லியது. முட்டைக்கோஸ் தண்டில் வைத்தால் அழுத்தவே வேண்டியதில்லை. சாக்குக் கயிறு, சொட்டுநீர்க் குழாய், மதியம் சாப்பிடும் பழம் எல்லாவற்றுக்கும் அருமை.

எனக்கு அதைவிடப் பிடித்தது கழுத்தில் இருக்கும் இரும்பு வளையம். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது. சந்தையில் நாம் வாங்கும் சாதாரண மடக்குக் கத்திகள் பலவற்றில் இந்தப் பூட்டு இல்லை. குச்சியில் சிக்கிய கத்தியை இழுக்கும்போது அது விரல் மேலேயே மடங்கும். அப்படித் தழும்பு வாங்கிய கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் இடது ஆள்காட்டி விரலும் அதில் ஒன்று.

இந்தக் கத்தியும் மலைக்காரர்களுக்காகப் பிறந்ததுதான். ஆல்ப்ஸ் மலையின் சவுவா பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ல் செய்தது. வளையப் பூட்டு 1955-ல் சேர்ந்தது. மரக் கைப்பிடி என்பதால் மழை, மூடுபனியில் ஈரம் குடித்து உப்பும். அப்போது அலகு திறக்க வராது. நகத்தால் நெம்பாதீர்கள். கைப்பிடியின் பின்முனையை ஒரு கட்டையில் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அலகில் ‘கார்போன்’ என்று பொறித்திருந்தால் அது கார்பன் எஃகு, ‘இனாக்ஸ்’ என்றால் துருப்பிடிக்காத எஃகு. நீங்கள் காட்டியது கார்பன். சாணைக்கல்லில் சீக்கிரம் கூராகும், ஈரத்தில் விட்டால் சீக்கிரம் துருவும் பிடிக்கும். பேரிக்காய், தேயிலைக் குச்சி வெட்டினால் அலகு நீலக் கருப்பாக மாறும். அது சாற்றில் உள்ள டானின் இரும்போடு சேர்வதால் வருவது, தேய்க்க வேண்டாம். செம்மண் நிறத்தில் வருவதுதான் துரு. அதைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நம் குளிரில் உறைந்து மூட்டில் அடைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், பழம் நறுக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

இனி ஒட்டு. உங்கள் தோட்டத்திலேயே பென்சில் பருமனில் இரண்டு பேரிக் குச்சிகளை இந்தக் கத்தியால் சாய்வாகச் சீவி, வெட்டுமுகங்களை ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேனே, நினைவிருக்கிறதா? நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. “இவ்வளவு கூரா இருந்தும் ஏன் சார்?” என்று கேட்டீர்கள். கூர் குறைவால் அல்ல, வாயின் அமைப்பால் அண்ணா. இதன் வாய் இரண்டு பக்கமும் சரிந்தது. மரத்தில் அழுத்தும்போது அலகு வழுக்கி, வெட்டு லேசாக வளைந்துவிடும். ஒட்டுக் கத்தி ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம் மரத்தில் படிந்து செல்வதால் 3, 4 செ.மீ. நீளத்துக்கும் ஒரே இழுப்பில் நேராக வெட்டு விழும். வெளிச்சம் தெரிகிற இடத்தில் பட்டைக்கு அடியிலுள்ள பச்சை வளர்திசு ஒன்றையொன்று தொடாது. அது காய்ந்தால் 12 கன்றுக்கும் ஒரு வருடம் போச்சு. பேரி இலை உதிர்த்து உறங்கும் காலம் வருடத்துக்கு ஒரு தடவைதானே.

ஜெர்மனியின் டீனா, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் எல்லாம் ஒட்டுக் கத்தி செய்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடிதான். 12 கன்றுக்கு அது வேண்டாம். விதைக் கடையில் கிடைக்கும் உள்நாட்டு ஒட்டுக் கத்தி போதும். சரிவான பக்கத்தை மட்டும் கல்லில் தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்துப் பிசிறு எடுங்கள். இடக்கைக்காரர்கள் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்க வேண்டும்.

விதைக் கிழங்குக்கு இந்தக் கத்தி வேண்டவே வேண்டாம். பாக்டீரியா வாடல் நோய் உள்ள ஒரு கிழங்கை வெட்டிய கத்தி, அடுத்தடுத்த கிழங்குகளுக்கும் நோயைக் கொண்டுபோகும். மடக்குக் கத்தியின் மூட்டு இடுக்கில் சாறும் மண்ணும் தங்கினால் எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. நெருப்பில் காட்டலாமே என்பார்கள். மெல்லிய அலகில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று பொருள், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பிளீச்சிங் கரைசலோ கார்பன் எஃகை அரித்துவிடும்.

40 முதல் 50 கிராம் முழுக் கிழங்காக நட்டால் கத்தியே தேவையில்லை. பெரிய கிழங்கை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், மூட்டு இல்லாத சமையலறைக் கத்தி இரண்டு எடுங்கள். ஒன்று ஸ்பிரிட் ஊற்றிய டம்ளரில் நிற்கட்டும், மற்றது வெட்டட்டும். ஒவ்வொரு கிழங்குக்கும் மண்ணைத் துடைத்துவிட்டு மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் உட்கார வேண்டாம், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். வெட்டிய கிழங்கை அழுத்தும்போது உள்வளையத்தில் வெள்ளையாகச் சீழ் போலக் கசிந்தால் அதை மட்டும் அல்ல, அந்த மூட்டையையே விதைக்கு எடுக்காதீர்கள்.

தேயிலைக் கவாத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பழைய கத்திகளைப் போடுவதாகச் சொன்னதால் சொல்கிறேன். முற்றிய தேயிலைத் தண்டை ஒரே வீச்சில், பிளவு இல்லாமல் வெட்டுவது கவாத்துக் கத்தியின் எடைதான். இந்த மெல்லிய அலகு அதற்குத் தாங்காது.

ஒட்டுக் கத்தி வாங்கியதும் நேராகக் கன்றில் கை வைக்காதீர்கள். பேரி மரத்தில் கவாத்து செய்து விழும் குச்சிகளில் ஒரு இருபது, முப்பது வெட்டு பழகுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீற்று தெரியாமல் தொடர்ந்து பத்து விழுந்தால் கன்றுக்குப் போகலாம். ஒட்டுக்குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கப் பட்டை சேரும்படி வைத்துக் கட்டுங்கள். பாலித்தீன் நாடாவை வெட்ட உங்கள் மகன் வாங்கி வந்த கத்தி பக்கத்திலேயே இருக்கட்டும்.