தொலைக்காட்சியும் தலைக்கணக்கும்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் தரத்தைப்பற்றி எவரேனும் குறைகூறப் புகுந்தால், அவற்றை நடத்துவோர் உடனே எடுத்துக்காட்டும் பிரமாணம் ஒன்றுண்டு. ஜனங்கள் விரும்பிப் பார்க்கின்றனர், அதற்கு ரேட்டிங்கே சாட்சி என்பதே அது. இவ்விடையைக் கேட்டவுடன் பலரும் வாய்மூடி விடுகின்றனர். நாமோ, அந்த ரேட்டிங் எதனை அளக்கிறது என்று முதலிற் கேட்க விரும்புகிறோம். பார்த்தல் வேறு, விரும்புதல் வேறு அன்றோ?

ஒரு நாட்டின் வீடுகள் அனைத்தையும் கணக்கிடல் இயலாதாகலின், சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்து, அவற்றில் ஒரு கருவியைப் பொருத்தி, எந்நேரத்தில் எந்தச் சேனல் ஓடியது, அதனெதிரே இருந்தவர் யாவர் என்று குறித்துக்கொள்வர். அமெரிக்காவில் நீல்சன் கம்பெனியாரும், பிரிட்டனில் 1981-இல் ஏற்பட்ட பார்ப் நிறுவனத்தாரும், நம் நாட்டில் 2015 முதல் பார்க் நிறுவனத்தாரும் செய்துவருவது இதுவே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பவர் நாம்; ஆதலின் இம்முறையைப் பழித்தல் நம் கருத்தன்று. வீட்டாருக்குப் பணங்கொடுத்துக் கணக்கைத் திரித்ததாக 2020 அக்டோபரில் மும்பைப் போலீசார் குற்றஞ்சாட்டியதும், செய்திச் சேனல்களின் ரேட்டிங் வெளியீடு அதன்பின் 2022 மார்ச்சு வரை நின்றிருந்ததும் பலர் அறிந்தனவே. அது நிற்க. கணக்கு நேர்மையாகவே எடுக்கப்படினும், பார்ப்பவர் மகிழ்ந்து பார்க்கின்றாரா, மனங்கொதித்துப் பார்க்கின்றாரா என்பதை அக்கருவி அறியாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. முன்பின் அறியாத பலரை ஒரு வீட்டினுள் அடைத்து, இரவும் பகலும் காமிராக்களால் நோக்கி, பொதுஜன வாக்கினால் ஒவ்வொருவராக வெளியேற்றும் 'பிக் பிரதர்' 1999-இல் ஹாலந்து தேசத்தில் தோன்றியது. இங்கே 2006-இல் ஹிந்தியிலும், 2017-இல் தமிழிலும் 'பிக் பாஸ்' என வந்தது இதுவே. பிரிட்டனில் 2007 ஜனவரியில், அவ்வீட்டிலிருந்த இந்திய நடிகை ஷில்பா ஷெட்டியை உடனிருந்தோர் சிலர் இனத்தைச் சுட்டும் வகையில் இழித்துப் பேசினர். கண்காணிப்பு நிறுவனமாகிய ஆஃப்காமுக்கு 44,000-க்கு மேற்பட்ட புகார்கள் குவிந்தன. செலவேற்ற கம்பெனி விலகிக்கொண்டது. ஆயினும் அந்நாட்களில் பார்ப்போர் தொகையோ ஏறியது! புகார் எழுதினவரும் பார்த்தவரே யாதலின், அவருடைய கோபமும் நிகழ்ச்சியின் வெற்றிக் கணக்கிலேயே சேர்ந்தது. ஒளிபரப்பு விதிகள் மீறப்பட்டன என்று ஆஃப்காம் தீர்ப்பளித்தது மே மாதத்தில். கணக்கோ மறுநாட் காலையிலேயே கையிற் கிடைத்துவிட்டது.

இத்தகைய கணக்கே பின்னர் ஏற்றுமதிச் சரக்கின் விலையை நிர்ணயிக்கிறது. விற்கப்படுவது நிகழ்ச்சியன்று, அதன் விதிகளும் ஒழுங்கும் அடங்கிய ஏடு. அவ்வேட்டை அத்தொழிலார் 'பைபிள்' என்றே வழங்குகின்றனர். பெயர்ப் பொருத்தத்தை நம் வாசகர்களே சீர்தூக்கிக்கொள்க. பிரிட்டனில் 1998-இல் தோன்றிய கோடீஸ்வர வினாவிடை 2000-இல் இந்தியாவுக்கு வந்ததையும், கொரியாவின் முகமூடிப் பாடகர் போட்டி 2019-இல் அமெரிக்கா சென்றதையும் நாம் குறைகூறோம். அவை எவரையும் புண்படுத்துவனவல்ல.

ஸ்வீடனில் 1997-இல் நடந்ததோ வேறு. சிலரை ஒரு தீவில் விட்டு, தம்முள் ஒருவரைத் தாமே வாக்களித்து நீக்கச் செய்யும் 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்' அங்கே படமாக்கப்பட்டது. முதலில் நீக்கப்பட்டவர், அஃது ஒளிபரப்பாகும் முன்னரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். காரணம் இதுவே யென்று அறுதியிடல் நமக்கு அடுத்ததன்று. எனினும் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. 2000-இல் அமெரிக்காவில் 'சர்வைவர்' எனப் பெயர்பூண்டு வந்தபோது அதன் இறுதி நாளன்று 5 கோடிக்கு மேற்பட்டோர் கண்டுகளித்தனர். பங்குபெறுவோரின் நலனைப் பேணுவது ஒளிபரப்புவோர் கடமை என்று பிரிட்டனில் ஆஃப்காம் விதித்த புது விதிகள் நடைமுறைக்கு வந்ததோ 2021 ஏப்ரலில். இருபத்துநான்கு ஆண்டுகள்!

ஜனங்கள் பார்க்காவிட்டால் இவை தாமே ஒழியும் என்பாருளர். நாம் இதனை ஒப்போம். தெருவிற் சண்டை நிகழ்ந்தால் எவரும் திரும்பித்தான் பார்ப்பர். அதனால் நாடோறும் சண்டை வேண்டுமென்று அவர் விண்ணப்பித்ததாகக் கொள்ளலாமோ? பி.பி.சி.யார் தலைக்கணக்கோடு நில்லாது, பார்த்தவர் எவ்வளவு மெச்சினர் என்பதற்கும் மதிப்பெண் கேட்டு வாங்கும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கொண்டுள்ளனர். சிறு கூட்டமே பார்க்கும் நிகழ்ச்சியும் இம்முறையில் உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடும். விளம்பரத்துக்குப் பணங்கொடுக்கும் கம்பெனியார் சேனல்களிடம் ரேட்டிங்கைக் கேட்கும்போது, இவ்விரண்டாம் எண்ணையும் உடன் கேட்பாராக. கேட்பவர் பணங்கொடுப்பவராயின், சேனல்கள் அதனை அளக்க நெடுநாள் தாமதியா.