பழைய ஜெனரேட்டருக்கும் வடிகட்டி வேணும்

கரண்ட் போனதும் உங்க அபார்ட்மென்ட்ல ஓடுற டீசல் ஜெனரேட்டர் புகை யார் மூஞ்சில அடிக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா?

என் ஓபிக்கு மூச்சிரைப்போட வந்த வாட்ச்மேன் சிகரெட்டே தொட்டதில்லை. "எங்க உட்காருவீங்க?"ன்னு கேட்டேன். "ஜெனரேட்டர் பக்கத்துலதான் சார்." புகை மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல நாற்காலியை நகர்த்தச் சொன்னேன்.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே அறிவிச்சது. புது ஜெனரேட்டர்களுக்கு ஜூலை 2023லிருந்து கடுமையான விதி இருக்கு. பழசுக்கு? டெல்லி வட்டாரத்தில் பல ஜெனரேட்டர்களுக்குப் புகை வடிகட்டும் கருவி பொருத்தணும், இல்லைன்னா டீசலோடு கேஸும் சேர்ந்து ஓடும்படி மாத்தணும்னு சொல்லிட்டாங்க. உத்தரவு வந்தாதான் நாமும் செய்யணுமா?

செலவாகும்தான். ஆனா வடிகட்டி மாட்டலைன்னா அந்தச் செலவு மிச்சமாகாது. வாட்ச்மேன் நுரையீரல் கணக்குல ஏறும். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல இதைக் கேளுங்க.