சோதனை பொது, சந்தேகம் யாருக்கு?

ஊர் திரும்புவது இனிமையானது. சனிக்கிழமை மாலை விடுதியிலிருந்து பெட்டியுடன் பஸ் ஏறும் நண்பர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பும் வழியில் "நீ யார்?" என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றால் அந்த இனிமை என்னவாகும்? சென்ற கோடை விடுமுறையில் அதை அறிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் காக்காவின் வீட்டில் ஆறு வாரம் தங்கிவிட்டு நானும் உம்மாவும் ஊருக்குப் புறப்பட்டோம். விமான நிலையத்தில் உம்மாவுக்கு இயந்திரமே போர்டிங் பாஸ் தந்தது. எனக்குத் தரவில்லை, கவுண்ட்டருக்குப் போகச் சொன்னது. அங்கிருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருடனோ தொலைபேசியில் பேசினார். நாற்பது நிமிடம் கழித்துச் சீட்டு வந்தது. அதில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து நான்கு முறை அச்சாகியிருந்தது. கூடுதல் சோதனைக்குரியவர் என்பதற்கு அந்நாட்டில் அதுவே அடையாளம்.

தனியே அழைத்துச் சென்றார்கள். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியாக உதறினார்கள். வெடிமருந்துத் துகள் உண்டா என்று உள்ளங்கையைத் துடைத்துப் பார்த்தார்கள். உம்மாவின் தஸ்பீஹ் மணிமாலையையும் உருட்டிப் பார்த்தார்கள். எவரும் கடுஞ்சொல் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. சற்றுத் தொலைவில் காத்திருந்த உம்மா நான் வந்ததும் கேட்டார்: "என்னத்துக்கு வாப்பா, ஒன்ன மட்டும் நிப்பாட்டுனாங்க?"

"எல்லாருக்கும் இப்படித்தான் உம்மா" என்றேன். அது பொய். உம்மாவும் அதை நம்பவில்லை. எனக்குச் சோதனை வலிக்கவில்லை. பெற்றவளிடம் அந்தப் பொய்யைச் சொல்ல நேர்ந்ததே வலித்தது.

சோதனையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நான்கு விமானங்களைக் கடத்தி, ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் என் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. நாங்கள் ஏறும் விமானமும் பத்திரமாக இறங்க வேண்டும் என்ற கவலை எங்களுக்கும் உண்டு. ஆகவே சோதிக்கலாமா என்பதன்று என் கேள்வி. எதைச் சோதிப்பது? பெட்டியையா, பெயரையா?

அதே 2001 டிசம்பரில் பாரிசிலிருந்து மியாமிக்குச் சென்ற விமானத்தில் காலணிக்குள் வெடிமருந்துடன் ஏறியவன் பெயர் ரிச்சர்ட் ரீட். அவன் இஸ்லாத்தைத் தழுவியவன்தான். ஆனால் பெயரோ ஆங்கிலப் பெயர்! பெயரைச் சலிக்கும் சல்லடையில் அவன் நழுவிவிடுவான். காலணியைச் சோதிக்கும் கருவியில் நழுவமாட்டான்.

நழுவ வேண்டாதவன் நழுவ, அகப்பட வேண்டாதவர் அகப்படுவதும் உண்டு. 2005 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு மகளுடன் வந்த மலேசிய ஆராய்ச்சி மாணவி ரஹீனா இப்ராஹிமுக்கு, நோய்வாய்ப்பட்டிருந்தும், கைவிலங்கு மாட்டினார்கள். 2004-ல் அதிகாரி ஒருவர் படிவத்தில் தவறான இடத்தில் குறியிட்டதே அதற்கு மூலம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014-ல்! ஒரு குறியின் பிழையைத் திருத்த ஒன்பது ஆண்டுகள்!

ராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம் அவர்களுக்கும் இது நேர்ந்தது. 2009-ல் டில்லியில், விதிவிலக்கு இருந்தும், அமெரிக்க விமானக் கம்பெனியொன்றின் ஊழியர்கள் அவரைச் சோதித்தார்கள். 2011 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து தாயகம் திரும்ப விமானத்தில் அமர்ந்த பிறகு, அவருடைய கோட்டையும் காலணியையும் வாங்கிச் சென்று சோதித்தார்கள். பிற்பாடு வருத்தம் தெரிவித்தார்கள். காரணம் பெயரா, வெறும் விதியா என்று நாடே விவாதித்தது. அவரோ அதைப் பெரிதுபடுத்தவில்லை. அப்பெருந்தன்மை எல்லோருக்கும் வாய்க்குமா?

நண்பர்களே, ஒன்று எண்ணிப் பாருங்கள். இலங்கைத் தமிழர் குழுவொன்று கொழும்புக்கு அனுப்ப முயன்ற வெடிப்பெட்டி, 1984 ஆகஸ்டு 2 அன்று மீனம்பாக்கத்திலேயே வெடித்துப் பலர் மாண்டனர். அதற்காகத் தமிழ்ப் பெயருடையோர் அனைவரையும் உலகம் தனியே நிறுத்தினால் நாம் ஒப்புவோமா? மாட்டோம் அன்றோ! நமக்கு ஒவ்வாத நீதி மற்றவர்க்கு மட்டும் எப்படி ஒத்துவரும்?

என் கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வந்து இறங்கியதும் குடியேற்றப் பிரிவில் மறுபடியும் என்னை நிறுத்தினார்கள். சொந்த மண்ணிலுமா என்று மனம் கசந்தது. அரைமணி நேரத்தில் நடுவயது அதிகாரி ஒருவர் வந்தார். "தம்பி, நாங்க தேடுற ஆள் ஒருத்தனுக்கும் இதே பேருதான். பிறந்த தேதி வேற. அதைச் சரிபார்க்கத்தான் உட்கார வச்சோம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். என் பாட்டனாரின் பெயரே எனக்கு. எங்கள் தெருவிலேயே அப்பெயருடையோர் நால்வர். இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? இந்த முறை உம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். உம்மா சிரித்துவிட்டார்.

இரண்டு இடத்திலும் காத்திருப்பு ஒன்றுதான். ஓரிடத்தில் காரணம் சொன்னார்கள், மற்றோரிடத்தில் சொல்லவில்லை. வேறுபாடு அவ்வளவே.

ஆகவே நான் வேண்டுவது சலுகையன்று. கருவி எல்லோரையும் ஒன்றுபோல் சோதிக்கட்டும். தனியே நிறுத்தப்பட்டவனுக்கு இயன்றவரை காரணம் சொல்லப்படட்டும். பட்டியலில் பிழை இருந்தால் விரைவில் திருத்த வழி இருக்கட்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையாக, பாதுகாப்புக்காக மனிதரின் மானத்தை எரித்துவிட வேண்டாம். ஊர் திரும்பும் எந்தப் பிள்ளையும் தன் தாயிடம் உண்மையைச் சொல்ல முடிய வேண்டும்.