ஈஸ்ட் சுவரில் முட்டினால் என்ன கிடைக்கும்?

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டை எடுத்து, மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்து, செல் சுவர் எப்படிப் பலவீனமாகிறது என்று பார்ப்பதிலேயே ஒருவர் ஐந்தாறு வருடம் கழிக்கிறார். "இதுக்கெல்லாமா ஸ்காலர்ஷிப்?" என்று கேட்கத்தான் தோன்றும். கேட்கலாம், தப்பில்லை. பதிலையும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகலாம்.

மனித செல்லுக்குச் சுவர் கிடையாது, வெறும் சவ்வுதான். பூஞ்சைக்கோ (ஈஸ்டும் பூஞ்சைதான்) சவ்வுக்கு வெளியே கெட்டியான சுவர் உண்டு. குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்த பீட்டா குளுக்கான்தான் அதில் பெரும் தாங்கல். கூடவே கொஞ்சம் கைட்டின் (இறால் ஓட்டில் இருக்கிறதே, அதேதான்), வெளிப்பூச்சாகச் சர்க்கரை ஒட்டிய புரதங்கள். சுவர் கட்டும் நொதியை மட்டும் நிறுத்தினால் பூஞ்சை தாங்காது, நோயாளிக்கும் பெரிய சேதம் இருக்காது. பழைய ஆம்ஃபோடெரிசின் அப்படியில்லை. பூஞ்சையோடு சேர்த்துச் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

அந்த நொதியின் மரபணு கிடைத்த கதைதான் வேடிக்கை. உறுப்பு மாற்று சிகிச்சையில் தரப்படும் எஃப்.கே.506 மருந்தைத் தாங்காத ஈஸ்டைத் தேடியது ஒரு குழு. கால்கோஃபுளோர் என்ற சாயத்தைத் தாங்காத ஈஸ்டைத் தேடியது இன்னொன்று. எக்கினோகேண்டின் மருந்துக்கு அசராத ஈஸ்டைத் தேடியது மற்றொன்று. 1990களின் நடுவில் பார்த்தால், ஆளுக்கொரு பெயர் வைத்திருந்த மரபணு எல்லாம் ஒன்றே! இன்று அதன் பெயர் எஃப்.கே.எஸ்.1. "உங்கள் ஆராய்ச்சி எந்த நோயைக் குணப்படுத்தும்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் இவர்களில் பாதிப் பேர் தேறியிருக்க மாட்டார்கள்.

எக்கினோகேண்டின் இந்த மரபணுவால் பிறந்தது என்று சொன்னால் அது புளுகு. 1970களிலேயே பூஞ்சையிலிருந்து எடுத்த சரக்கு அது. அந்த வகையில் முதல் மருந்தான கேஸ்போஃபன்ஜின் 2001ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சரியாக எங்கே அடிக்கிறது என்று காட்டிக் கொடுத்தது ஈஸ்ட்.

இப்போது அந்த விவரம் உயிர் விஷயம். 2009ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து அடையாளம் காணப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பிறகு பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது. எக்கினோகேண்டினுக்கும் அடங்காத ரகங்களில் எஃப்.கே.எஸ்.1 மரபணுவில்தான் பெரும்பாலும் மாற்றம் தெரிகிறது. போதாக்குறைக்கு, குளுக்கான் வேலை நின்றால் பூஞ்சைகள் கைட்டினைக் கூட்டிச் சுவரைச் சமாளித்துக்கொள்கின்றன.

அப்படியானால் அடுத்த பணம் கைட்டின் பக்கம் போக வேண்டாமா? ஈஸ்டில் கைட்டின் கட்டும் நொதிகள் மூன்று. நிக்கோமைசின் என்ற பொருள் இரண்டை நன்றாக மடக்குகிறது, மூன்றாவதிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. அந்த மூன்றாவதோடு மல்லுக்கட்டவும் யாராவது உட்கார வேண்டும். ஐந்தாறு வருடம் ஆகும்.