திரும்பும் மணி

கிளேடாங் மலை 808 மீட்டர்தான். மெங்லெம்பு அடிவாரத்திலிருந்து உச்சியில் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்கள் வரை தார்ச் சாலையே இருக்கிறது. ஞாயிறு காலையில் வயதானவர்களும் ஏறுகிறார்கள். சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் நுழைந்தால் மட்டும் எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. எங்கே நின்றாலும் 11 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். ஈப்போவில் பிற்பகல் மழை இடியோடு வரும். உச்சிக்குப் பத்து நிமிடம்தான் என்றாலும் திரும்பத்தான் வேண்டும். இதைக் கீழே நிற்கும்போதே முடிவு செய்கிறோம். மேலே போனபின் ஆசைதான் பேசும்.

எவரெஸ்டிலும் இதே கணக்குதான். 1996 மே மாதப் புயலில் அங்கு 8 பேர் இறந்தார்கள். பிற்பகல் 2 மணி தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் உண்டு. மறு ஆண்டு மே 23-இல் நம் மகேந்திரனும் மோகனதாஸும் அதே உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் ஆனார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்பா பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போதே வானத்தைப் பார்ப்பார். சீவிய பிறகு மழை வந்தால் மங்கில் இருக்கும் பால் போய்விடும். அது அன்றைய நட்டம். ஆனால் சீவிய பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். மரத்துக்கு அதுதான் முதல். வியாபாரத்தில் பலர் பாலை எண்ணுகிறார்கள், பட்டையை எண்ணுவதில்லை.

எனக்கு மெங்லெம்புவில் ஏர்கோன் சர்வீஸ் கடை. சுங்கை சிப்புட்டில் கிளை திறக்குமுன் மனைவியும் நானும் ஒரு தாளில் எழுதி வைத்தோம். ஒன்பதாம் மாத முடிவில் கிளை தன் வாடகையையும் இரண்டு சம்பளத்தையும் தானே கட்ட வேண்டும், இல்லையென்றால் மூடுவது. பழைய கடையிலிருந்து 30,000 ரிங்கிட்டுக்கு மேல் ஒரு சென்னும் போகக்கூடாது.

எட்டாம் மாதம் வியாபாரம் கொஞ்சம் ஏறியது. அதுதான் சோதனை. "இன்னும் மூணு மாசம் பார்க்கலாமே" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்பதாம் மாதக் கணக்கிலும் ஒரு சம்பளம் இடித்தது. மூடினோம்.

மேடைகளில் எல்லாரும் விடாமுயற்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடையை மூடத் தெரிந்தவரை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை!

நீங்கள் புதுக் கிளையோ இன்னொரு வேனோ எடுக்கப் போகிறீர்களா? தேதியையும் தொகையையும் இன்றே எழுதி, உங்களை எதிர்த்துப் பேசக்கூடிய ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

கிளையில் இருந்த இருவரில் ஒருவர் மெங்லெம்புவுக்கு வந்துவிட்டார். மற்றவருக்கு வயதான அம்மா, அவரால் வர முடியவில்லை. எழுதிய தொகையில் மிச்சம் இருந்ததால் அவருக்கு இரண்டு மாதச் சம்பளமும் ஒரு செட் கருவிகளும் கொடுக்க முடிந்தது. இப்போது அங்கே சொந்தமாக வேலை எடுக்கிறார். பெரிய வேலை வந்தால் எனக்குத்தான் போன் செய்கிறார்.