மருந்தை உடலில் நிற்க வைக்கும் சர்க்கரை: தூத்துக்குடி முத்து சொல்லும் பாடம் என்ன?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் ஓர் ஊசி நன்றாகத் தெரியும். ரத்தம் ஊறுவதற்காகப் போடப்படும் எரித்ரோபாய்டின். இது சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஒரு புரதம். சிறுநீரகம் பழுதானால் சுரப்பு குறையும், ரத்தசோகை வரும். அதனால் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் புரத மருந்தின் எடையில் சுமார் 40 சதவீதம் சர்க்கரை. மாத்திரை மேல் பூசுகிற இனிப்பு மாதிரி இல்லை இது. புரதத்தின் குறிப்பிட்ட 4 இடங்களில், குறிப்பிட்ட வரிசையில் கோத்து ஒட்டப்பட்ட சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றை ஒட்டுபவை நொதிகள், அதாவது என்சைம்கள். அந்த நொதிகளையே தேவைக்கு ஏற்ப மாற்றியமைப்பது இன்று உலக மருந்துத் துறையின் முக்கியமான களம். அதில் இந்தியா எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

சர்க்கரை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எரித்ரோபாய்டினின் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூடிபோல் உட்கார்ந்திருக்கும். அந்த மூடி போய்விட்டால் அடியில் இருக்கும் கேலக்டோஸ் வெளியே தெரியும். கல்லீரல் அதை அடையாளம் கண்டு, மருந்தைச் சட்டென்று ரத்தத்திலிருந்து அகற்றிவிடும். ஊசி போட்டும் பலன் இருக்காது.

இதனால்தான் பாக்டீரியாவில் இன்சுலினைத் தயாரிப்பதுபோல் இதைத் தயாரிக்க முடிவதில்லை. சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுக்கு இப்படிச் சர்க்கரை ஒட்டத் தெரியாது. சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல்களைத்தான் உலகமே நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் 1989இல் அனுமதி பெற்ற முதல் எரித்ரோபாய்டின் மருந்தும் அப்படித்தான் தயாரானது. 2001இல் வந்த டார்பிபோய்டினில், புரதத்தைச் சிறிது மாற்றிக் கூடுதலாக 2 சர்க்கரைச் சங்கிலிகள் சேர்க்கப்பட்டன. அது ரத்தத்தில் தங்கும் நேரம் சுமார் 3 மடங்கானது. நோயாளிக்கு ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது.

முத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரு புரதத்தில் எந்த அமினோ அமிலம் எந்த இடத்தில் வரவேண்டும் என்பது மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி நேரடியான எழுத்து எதுவும் கிடையாது. செல்லுக்குள் எந்தெந்த நொதிகள் வேலை செய்கின்றன என்பதைப் பொறுத்தே அது அமையும். அதாவது, செய்முறைக் குறிப்பைவிட வேலைக்காரன் முக்கியம்.

தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். வளர்ப்பு முத்து எடுக்க, சிப்பிக்குள் சிறிய உருண்டை மணி ஒன்றை வைப்பார்கள். மணி மட்டும் போதாது. இன்னொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய சதையில் ஒரு துண்டை வெட்டி அதோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்தச் சதைதான் மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, அடுக்கடுக்காக முத்துப்பூச்சைச் சுரக்கும். மணியை வைப்பது மனிதன். மினுமினுப்பைத் தருவது அந்தச் சதை. மருந்திலும் புரதம் மணி மாதிரி. பூச்சு வேலை நொதிகளுடையது.

நொதியை எப்படி மாற்றுகிறார்கள்?

2002இல் நடந்த ஒரு ஆய்வு நல்ல உதாரணம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய பூபதி ராமகிருஷ்ணன், பிரத்மன் கஸ்பா இருவரும் கேலக்டோஸை ஒட்டும் ஒரு நொதியை எடுத்துக்கொண்டார்கள். பாலில் லாக்டோஸ் உருவாவதிலும் பங்கு வகிக்கும் நொதி அது. சுமார் 400 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி.

அதன் 289ஆவது இடத்தில் டைரோசின் இருக்கிறது. கொஞ்சம் பருமனானது. கேலக்டோஸைவிடச் சற்றே பெரிய உறவுக்காரச் சர்க்கரை ஒன்று உள்ளே வந்து உட்கார அது இடம் கொடுப்பதில்லை. அந்த டைரோசினை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய லூசினை வைத்தார்கள். அவ்ளோதான். மாற்றப்பட்ட நொதி பழைய சர்க்கரையையும் ஒட்டியது, பெரிய சர்க்கரையையும் கிட்டத்தட்ட அதே திறனோடு ஒட்டியது.

ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில் கிடைத்த இந்த இடைவெளியைப் பிறகு வந்தவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். வேதியியல் கொக்கி மாட்டிய சர்க்கரைகளை அதன் வழியே ஆன்டிபாடியின் மீது ஒட்டினார்கள். கொக்கியில் புற்றுநோய் மருந்தை மாட்டினால், ஆன்டிபாடி அதைச் சுமந்துபோய்ப் புற்றுச் செல்லில் இறக்கும். மருந்து எத்தனை, எந்த இடத்தில் என்பதும் கட்டுக்குள் இருக்கும்.

இந்தியா எங்கே நிற்கிறது?

ஒன்றுமே இல்லாத இடத்தில் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கான ரிடக்சிமேப் என்ற ஆன்டிபாடியின் இந்திய வடிவத்தை ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இல் கொண்டுவந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமேப் மருந்தின் பெங்களூரு பயோகான் வடிவத்துக்கு 2017இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. எரித்ரோபாய்டினும் இங்கே பல நிறுவனங்களில் தயாராகிறது. இவை சாதாரணச் சாதனைகள் இல்லை. மூல மருந்தின் சர்க்கரை அமைப்போடு நகலின் அமைப்பும் ஒத்துப்போகிறது என்று காட்டினால்தான் அனுமதியே கிடைக்கும்.

ஆனால் உலகம் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. ரிடக்சிமேப் குறிவைக்கும் அதே இலக்கைக் குறிவைத்து 2013இல் ஒபினுடுசுமேப் வந்தது. இதைத் தயாரிக்கும் செல்களில், சர்க்கரை ஒட்டும் நொதி ஒன்று வேண்டுமென்றே கூடுதலாகச் சுரக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதனால் ஆன்டிபாடியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை குறைகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் அதை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. நாள்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோயில், ரிடக்சிமேப் சிகிச்சையைவிட இது நோயை அதிக காலம் தள்ளிப்போட்டது. சர்க்கரை மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அளவும் ஆன்டிபாடியின் அமைப்பும்கூட வேறு. இருந்தாலும் போட்டி எங்கே நடக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்த நொதி உத்தியை உருவாக்கியது சூரிச்சின் கிளைக்ஆர்ட் என்ற சின்ன நிறுவனம். 2005இல் ரோஷ் அதை வாங்கியது.

காப்புரிமை முடியும்வரை காத்திருந்து நகல் எடுப்பது தவறில்லை. லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சையின் விலை இறங்குவதே அதனால்தான். ஆனால் அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். கையில் நோயாளியை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஆண்டுகள் சும்மா போவதில்லை.

1973 சொல்லும் பாடம்

கொற்கை காலத்திலிருந்து முத்துக்குப் பேர்போன கடற்கரை இது. இயற்கை முத்துப் பார்களில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961இல். அதன் பிறகு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியின் முயற்சியில், 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் உருண்டையான வளர்ப்பு முத்து உருவானது. இந்திய முத்துச்சிப்பியிலிருந்து, இந்திய ஆய்வகத்தில். 1981இல் குஞ்சுச் சிப்பிகளைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையும் கைவந்தது.

அறிவியல் ஜெயித்தது. தொழில் வளரவில்லை. ஜப்பானில் இருப்பதுபோல் காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிய விரிகுடாக்கள் இந்தக் கரையில் குறைவு. பலன் வரும்வரை பல ஆண்டுகள் பொறுத்திருக்கும் முதலீடும் வேண்டும். ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தை யாரும் முழுமையாகக் கடக்கவில்லை. முத்து நகரம் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சர்க்கரை ஒட்டும் நொதிகளிலும் அதே கதை நடந்துவிடக் கூடாது. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த பயோஇ3 கொள்கையில் நொதிகள், துல்லிய உயிரி மருந்துகள், கடல்சார் ஆய்வு மூன்றுமே இடம்பெற்றுள்ளன. காகிதத்தில் இருப்பது வரவேற்கத்தக்கது. இனி தேவைப்படுவது, நொதியை மில்லிகிராமில் அல்லாமல் கிலோ கணக்கில் தயாரித்துப் பார்க்கும் பொதுக்கூடங்கள். நொதிக்குத் தீனியாகும் விலை உயர்ந்த சர்க்கரை மூலப்பொருள்களை உள்நாட்டிலேயே செய்யும் வசதி. 2 ஆண்டுகளில் கணக்குக் கேட்காமல் 10 ஆண்டுகள் பொறுக்கும் நிதி.

ஆள் பஞ்சமும் கிடையாது. பயோடெக் படித்துவிட்டு வேலை இல்லாமல் ஐடி பக்கம் ஒதுங்கியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஒரு டைரோசினை எடுத்து லூசினை வைக்க அவர்களுக்கும் தெரியும். அதைச் செய்வதற்கான இடத்தை அரசும் மருந்து நிறுவனங்களும் உருவாக்க வேண்டும்.